கழுத்துக் கட்டியும் முப்பது நாள் லீவும்

ஒவ்வொரு வருடமும் மஸ்கட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியோடு ஒரு பட்டியலும் தயாராகும். வீட்டு வரி கட்ட வேண்டும், திருமலைக்குப் போய் வர வேண்டும், பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், அப்படியே ஒரு முழு உடல் செக்கப். சில வருடங்களுக்கு முன் அந்தச் செக்கப்பில்தான் என் மனைவியின் கழுத்தில் தைராய்டு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வலி இல்லை, வெளியே தெரியவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"லீவு இன்னும் இருபது நாள் இருக்கில்ல மாப்ளே, அதுக்குள்ள ஆபரேஷனை முடிச்சுட்டுக் கிளம்பிடுங்க" என்றார் மச்சான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வங்கிக்காரன் புத்தி. நிலுவையை வைத்துக்கொண்டு விமானம் ஏற மனசு வராது.

தடுத்தது சந்திரகிரியில் இருக்கும் என் அத்தை.

அத்தைக்கு 1970களில் இதே இடத்தில் கட்டி வந்தது. தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் அது சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. மார்கழி பஜனையில் முதல் குரல் அவருடையது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் கரகரத்தது கரகரத்ததுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை.

"முதல்ல அது என்ன கட்டின்னு கேளுடா. வெட்டறதை அப்புறம் பார்க்கலாம். எனக்காக அன்னிக்கு யாரும் அதைக் கேக்கல" என்றார்.

நான் டாக்டர் இல்லை, பி.காம் படித்தவன். இருந்தாலும் அந்த வார்த்தை உறுத்தியது. படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

கழுத்து வீக்கம் ரொம்பப் பழைய நோய். சுஸ்ருத சம்ஹிதையில் 'கலகண்டம்' என்று வருகிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் 'முன்கழுத்துக் கழலை' என்று படித்தோமே, அதுதான். சீனர்கள் கடற்பாசியை மருந்தாகக் கொடுத்தார்கள். ஏன் குணமாகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. 1811ல் பிரான்சில் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1820ல் ஜெனீவா டாக்டர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் குறைந்தது. ஆனால் அளவு மீறிச் சாப்பிட்டவர்களுக்குப் படபடப்பும் உடல் மெலிவும் வந்து, மருந்துக்குக் கெட்ட பெயரும் வந்தது.

அந்தக் காலத்தில் கழுத்தில் கத்தி வைப்பது உயிரோடு விளையாட்டு. ரத்தப்போக்கிலும் சீழிலும் பலர் இறந்தார்கள். இதை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோக்கர். ஆயிரக்கணக்கான ஆபரேஷன்கள் செய்து, இறப்பு விகிதத்தை நூறில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவருடைய பெருமையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தான் முன்பு ஆபரேஷன் செய்தவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். தைராய்டை முழுவதும் எடுத்தவர்களில் பலர் முகம் ஊதி, புத்தி மந்தமாகி, நடைப்பிணமாக இருந்தார்கள். 1883ல் அதை மறைக்காமல் எழுதினார். சாதாரணக் கட்டிக்கு முழுவதையும் எடுப்பதையும் விட்டுவிட்டார். தன் கணக்கைத் தானே ஆடிட் செய்த மனிதர்!

தைராய்டு போனவர்களுக்கு வழி பிறந்தது 1891ல். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்மணியைத் தேற்றினார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். அத்தை தினமும் விழுங்குவது அந்த வழியில் வந்ததைத்தான்.

கத்தியில்லாத வைத்தியத்தில் நம் நாட்டின் பெரிய கதை உப்பு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956ல் இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், சுமார் ஒரு லட்சம் பேரிடம் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை நன்றாகக் குறைந்தது. 1962ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று தூத்துக்குடி உப்புப் பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருப்பதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உப்பு, வராமல் தடுப்பதற்கு. பெரியவர்களுக்கு ஏற்கனவே வந்துவிட்ட கட்டியை உப்பு கரைக்காது. கரையும் என்று அயோடினைத் தானாக வாங்கிச் சாப்பிட்டால், குவாந்தே காலத்துக் கதைதான் மறுபடி நடக்கும்.

அடுத்தது கதிரியக்க அயோடின். 1941ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். அதிகமாகச் சுரக்கும் தைராய்டு அதைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளேயே அடங்கிவிடும். சுரப்பு கூடிய கட்டிகளுக்கு இது இன்றும் நல்ல வைத்தியம். பம்பாயில் 1963லேயே கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் என் மனைவிக்குச் சுரப்பு சரியாக இருந்தது. அப்படிப்பட்ட கட்டிக்கு உண்மையான திருப்பம் ஒரு மெல்லிய ஊசி. சுவீடனில் 1950களில் வளர்ந்த முறை. ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெட்டாமலே அது என்ன கட்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இப்போது உலகம் முழுக்க ஆறு வகையாகப் பிரித்து ரிப்போர்ட் தருகிறார்கள். இரண்டாம் வகை என்றால் சாதாரணக் கட்டி. அத்தைக்கு அன்று யாரும் போடாதது இந்த ஊசியைத்தான்.

சாதாரணம் என்று தெரிந்த பிறகு? ஒரு காலத்தில் கட்டி சுருங்கட்டும் என்று தைராக்சின் மாத்திரை கொடுத்தார்கள். பலன் கொஞ்சம்; இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் மிச்சம். இப்போது வழக்கமாகக் கொடுப்பதில்லை. 1990ல் இத்தாலியில் லிவ்ராகி குழுவினர் கட்டிக்குள் ஆல்கஹாலை ஊசியாகச் செலுத்தினார்கள். நீர் கோத்த கட்டிகளுக்கு அது இன்றும் நன்றாக வேலை செய்கிறது. 2000ல் லேசர், பிறகு கொரியாவில் ரேடியோ அலைச் சூடு. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசிமுனையால் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுகிறார்கள். நடுநடுவே நோயாளியைப் பேசச் சொல்வார்கள், குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்க. ஒரு வருடத்தில் கட்டி பாதிக்கு மேல் சுருங்குகிறது, மீதித் தைராய்டு பிழைக்கிறது. சில சமயம் கட்டி திரும்ப வளர்வதும் உண்டு. நம் நாட்டிலும் பெரிய நகரங்களில் செய்கிறார்கள்.

இதெல்லாம் கட்டி அழுத்தி விழுங்கச் சிரமமாக இருந்தால், அல்லது வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால். ஒன்றுமே செய்யாவிட்டால்? இத்தாலியில் சாதாரணக் கட்டி உள்ள 992 பேரை ஐந்து வருடம் கவனித்து 2015ல் எழுதினார்கள். 15 சதவீதம் பேருக்கு வளர்ந்தது. 18 சதவீதம் பேருக்குத் தானாகவே சுருங்கியது. மற்றவர்களுக்கு அப்படியே இருந்தது. அந்தக் கட்டிகளில் பிறகு புற்று என்று தெரிந்தது ஆயிரத்துக்கு மூன்றுதான்.

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி டெஸ்டில் சந்தேகம் வந்தால், புற்று என்றால், மூச்சை அழுத்தும் பெரிய கழலை என்றால் கத்திதான் வழி. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தேவஸ்தானம் 1993ல் தொடங்கிய திருப்பதி ஸ்விம்ஸ் இருக்கிறது. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் வேலூர் சி.எம்.சி. கேட்க ஆள் இல்லை என்ற காலம் போய்விட்டது.

மனைவிக்கு ஊசி டெஸ்ட் எடுத்தோம். இரண்டாம் வகை. டாக்டர் சொன்னது, "வருஷத்துக்கு ஒரு ஸ்கேன், அவ்வளவுதான்." மீதி லீவில் கோட்டைக்கும் போனோம், திருமலைக்கும் போனோம். அந்தக் கட்டி இன்றும் அதே அளவில் இருக்கிறது.

நம்மைப் போல வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. லீவு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான், கட்டிக்கு இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் அதில் இருந்தால் அடுத்த வருடம் எந்த ஊர் டாக்டரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

போன வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். "அவ எப்படி இருக்கா?" என்றார், அதே கரகரத்த குரலில். "நல்லா இருக்கா அத்தை. பூஜையில பாடறா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பாடட்டும்" என்றார்.