உரிமமும் பொறுப்பும்: சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் சட்ட வரலாறும் செயற்கை நுண்ணறிவும்

சிவகாசி வட்டாரத்தின் தொழில் வரலாறு 1920-களில் தீப்பெட்டியோடு தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் கிளையாகப் பட்டாசு பின்னர் வளர்ந்தது. நகரை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களின் கரிசல் காட்டில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் சிறிய அறைகளாக ஆலைகள் எழுந்தன. அந்த இடைவெளி சட்டம் வகுத்தது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 1940-ஆம் ஆண்டு விதிகளும் உற்பத்திக்கு உரிமம், இருப்புக்கு அளவு, கட்டடங்களுக்கிடையே தூரம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. விதிகள் 1983-லும் 2008-லும் திருத்தி எழுதப்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. உரிமம் தரும் அலுவலகத்தை வைத்தே நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று ஊர் வழக்கில் ஆலைகள் வகைப்படுகின்றன. இவற்றில் கடைசி வகை ஆலை ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வெடிபொருள் வைத்திருக்கக் கூடாது.

வெடிமருந்தை அளந்த சட்டத்துக்கு அப்பால், அதைக் கையாண்டவர்களைக் காக்க வேறு சட்டங்கள் தேவைப்பட்டன. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் சிறுவர்களுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியின் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுவது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வேறு பலர் கைக்குப் போகின்றன. அளவுக்கு மீறிய மருந்தும் ஆட்களும் அந்த இருட்டில்தான் சேர்கின்றன. ஓர் அறையில் நான்கு பேர் என்ற வரம்பை மீற எவருக்கும் துணிவு வருவது, பொறுப்பாளர் யார் என்பது மங்கிப்போகும் இடத்தில்தான். இந்த வட்டாரத்தின் சட்ட வரலாறு கற்பிக்கும் பாடங்களில் இதுவே தலையானது.

2018 அக்டோபர் 23 அன்று, பட்டாசின் காற்று மாசுக்கு எதிரான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்ததோடு, பட்டாசின் இணையவழி விற்பனையையும் நிறுத்தியது. கணினி வழி வணிகம் இத்தொழிலின் சட்டத்துக்குள் நேரடியாக நுழைந்த தருணம் அது. அடுத்த ஆண்டு வந்த, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கக் கியூஆர் குறியீடு இடம்பெற்றது.

இந்த வரிசையில் அடுத்து வருவது செயற்கை நுண்ணறிவு. அதைக் கையாளும் நிறுவனங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. தமிழக அரசு 2020-ல் வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை அரசுத் துறைகளை நோக்கியது. ஆயினும் ஆலை முதலாளியைக் கட்டுப்படுத்தும் விதிகள் இல்லாமல் இல்லை. அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேமரா வழியே எண்ணும் மென்பொருளை ஓர் ஆலை பொருத்துவதாகக் கொள்வோம். உரிமம் பெற்ற கட்டடத்தில் மாற்றம் செய்ய வெடிபொருள் விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். தொழிலாளியின் முகம் பதிவாவதால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள அச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் தரவைக் காக்கும் ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பணியிடத்தில் தொழிலாளரின் உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது.

இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுதான் பட்டாசு வட்டாரத்தவர் ஊன்றிப் படிக்க வேண்டியது. தரவைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவுசெய்தவரே பொறுப்பு என்கிறது அது. மென்பொருள் விற்றவரைக் கைகாட்டி ஆலை முதலாளி ஒதுங்க முடியாது. உள்குத்தகையில் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தைச் சட்டம் இங்கே முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன.