முக்கோணப் பிடியின் வரலாறு

மற்போரில் வலியவன் வெல்வான், மெலியவன் வீழ்வான். முதுகு மண்ணிற் பட்டவன் தோற்றவனேயாவான். இவ்வாறே உலகத்தார் பலரும் நெடுங்காலமாக எண்ணி வந்தனர். இவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு, கால்களாற் கழுத்தை நெருக்கும் முக்கோணப் பிடியே தக்க சான்றாகும்.

1882-இல் ஜப்பான் தேசத்து டோக்கியோ நகரில் ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவினார். உருவிற் சிறியவராகிய அவர், பழைய ஜுஜுத்சு வித்தைகளுள் நல்லனவற்றைத் தெரிந்தெடுத்து, ஊறு விளைப்பனவற்றை ஒதுக்கி, ஜூடோ என்னுங் கலையை வகுத்தார். பின்னர், 1914-இல் தொடங்கிய கல்லூரி மாணவர் போட்டிகளில், தரையிற் கிடந்தவாறே போராடும் முறை செழித்து வளர்ந்தது. ஜப்பானியர் 'சங்காக்கு ஜிமே' என்றழைக்கும் இப்பிடி திருத்தமுற்றது அம்மாணவர் அரங்குகளிலேதான்.

இதன் நுட்பம் யாது? கீழே கிடப்பவன், மேலிருப்பவனுடைய கழுத்தையும் ஒரு கையையும் தன் கால்களுக்கிடையே சிறைப்படுத்துகிறான். ஒரு காலின் கணுவை மற்றைக் காலின் முழங்கால் மடிப்பிற் பூட்டுகிறான். கழுத்தின் ஒரு புறத்தைத் தொடை அழுத்த, மறுபுறத்தை அகப்பட்டவனுடைய சொந்தத் தோளே அழுத்துகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி குறைகின்றது. சில விநாடிகளில் அறிவு மயங்குகின்றது.

ஜூடோ வீரர் மித்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் தேசம் சென்றார். அவர் பரப்பிய வித்தையைக் கிரேசி குடும்பத்தார் தமதாக்கி வளர்த்தனர். அக்குடும்பத்து ராய்ஸ் கிரேசி, 1994 டிசம்பர் 16-இல், அமெரிக்காவின் டல்சா நகரில், நான்காவது அல்டிமேட் பைட்டிங் சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போரில் டான் செவர்ன் என்னும் மல்லரை எதிர்த்தார். கிரேசியின் எடை சுமார் 80 கிலோ. செவர்னோ சுமார் 118 கிலோ. பெரும்பொழுது செவர்னே மேலிருந்து அழுத்தினார். ஆயினும் 15 நிமிடம் 49 விநாடியில், கீழே கிடந்தவரின் முக்கோணப் பிடியில் அகப்பட்டு, அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அவர் ஒப்புக்கொண்டது கையாற் தட்டியே. தட்டிய கணமே பிடியை விடுதல் இக்கலையின் நீங்கா நியதி. விடாது பற்றினால் உயிருக்கே இறுதி நேரும். ஆகவே, பிடிக்கக் கற்பவன் விடவுங் கற்றாக வேண்டும்.

அன்பர்களே, கீழே கிடப்பவனெல்லாம் தோற்றவன் அல்லன். அறிவும் பொறுமையும் உடையவனுக்குக் கிடந்த இடமே களமாகும். வென்றபின் பிடியைத் தளர்த்த அறிந்தவனே வீரனுமாவான்.