வில்வேட்டையின் முதற்பாடம்: இஷியும் சாக்ஸ்டன் போப்பும்

வில் கொண்டு மான்வேட்டையாடுதல் இன்று அமெரிக்க நாட்டில் அரசின் உரிமச் சீட்டுடனும் வரையறுத்த பருவத்துடனும் பலர் பயிலும் ஒரு கலையாக நிலவுகின்றது. அதனைப் புதிதாகக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் உரைக்கப்படுவன பெரும்பாலும் கருவியைப் பற்றியனவே: வில்லின் விசை எத்துணை இராத்தல் இருத்தல் வேண்டும், அம்பின் நீளம் யாது, முனை எவ்வகைத்து என்பன. ஆனால் இக்கலை 20 ஆம் நூற்றாண்டில் மீண்டும் தளிர்த்த வரலாற்றை நோக்குவார்க்கு அதன் முதல் ஆசிரியன் கற்பித்த முதற்பாடம் கருவியைப் பற்றியதன்று என்பது புலனாகும். அப்பாடம் யாது, அஃது எவ்வாறு பின்தள்ளப்பட்டது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

1911 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், வட கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரின் புறத்தே, விலங்குகளை வெட்டும் கொட்டில் ஒன்றன் அருகில், பசியால் மெலிந்த மனிதன் ஒருவன் காணப்பட்டான். அவன் மொழி அங்கிருந்தார் எவர்க்கும் விளங்கவில்லை. ஊர்க் காவலர் அவனைச் சிறையில் இருத்தினர். செய்தித்தாளிற் கண்டு வந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மானிடவியலார் தாமஸ் வாட்டர்மன் என்பார், யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றைக் கையிற் கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஒலித்துக் காட்டினார். பைன் மரத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்டதும் அம்மனிதன் முகம் மலர்ந்தது என்பர். அவன் யாகி மரபினன். தன் பெயரைத் தானே கூறுதல் அம்மரபில் வழக்கன்று. ஆதலின் பேராசிரியர் ஆல்பிரட் குரோபர், அம்மொழியில் மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லாலேயே அவனை வழங்கினார். இஷி தன் எஞ்சிய நாட்களைப் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோ நகரில் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்திலேயே கழித்தான்.

அருங்காட்சியகத்தை அடுத்திருந்தது மருத்துவக் கல்லூரி. 1912 இல் அங்கு அறுவை மருத்துவம் கற்பிக்க வந்த சாக்ஸ்டன் போப் இஷிக்கு மருத்துவராகவும் தோழராகவும் ஆனார். வில்தொழிலில் அவர் மாணாக்கர்; மருத்துவத்தில் இஷி அவர்தம் நோயாளி. இவ்விரு உறவும் ஒருங்கே நிகழ்ந்தமையை நாம் மறத்தலாகாது. பின்னர் வரும் செய்திக்கு இஃது இன்றியமையாதது.

போப் தாம் கண்டவற்றை 1918 இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்த 'யாகி வில்தொழில்' என்னும் ஆராய்ச்சியுரையிலும், 1923 இல் வெளியிட்ட 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடல்' என்னும் நூலிலும் நுணுகிப் பதிந்துள்ளார். இஷியின் வில் மலைச் ஜுனிப்பர் மரத்தால் ஆகியது, குட்டையானது, தட்டையானது. நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை அளந்து அதன் நீளத்தை அவன் வரையறுப்பான். நம் கணக்கில் அது 42 அங்குலம் ஆகும். புறத்தே நரம்பைப் பசையால் ஒட்டி வலிமையூட்டுவான். நாணும் மானின் கால்நரம்பைத் திரித்துச் செய்ததே. அவ்வில்லின் விசை ஏறத்தாழ 45 இராத்தல். அம்புக்கு ஹேசல் கோல்; முனைக்கு எரிமலைக் கண்ணாடிக்கல். அக்கல்லைக் கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் சில்லுகளாகப் பெயர்த்துக் கூராக்குவான்.

வில்லைப் பேணுதற்கும் அவன்பால் நெறி இருந்தது. பயன்படுத்தாத வில்லைக் கிடத்தி வைத்தல் வேண்டும். நிறுத்தி வைப்பின் அது ஓயாது உழைத்து வியர்த்து வலி குன்றும் என்பது அவன் கொள்கை. எவரும் அதனைத் தாண்டலாகாது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவாரும் உளர். நரம்பும் பசையும் ஈரத்தால் தளர்வன என்பதனை அறிந்தோர் அவ்வாறு விரைந்து ஒதுக்கார்.

எய்யும் முறையில் ஒரு வேறுபாட்டினைக் காண்டல் நலம். ஆங்கில நாட்டில் ரோஜர் ஆஸ்கம் 1545 இல் இயற்றிய 'டாக்சோபிலஸ்' என்னும் நூல், நிற்றல், நாணில் அம்பு பூட்டல், இழுத்தல், நிறுத்திப் பிடித்தல், விடுதல் என எய்தலை ஐந்தாக வகுத்தது. போப் இந்நூலையும் கற்றவர். ஐந்தனுள் முதலாவது 'நிற்றல்' என்பதைக் கருதுக. வெளியில் நட்ட இலக்கையும் போர்க்களத்துப் பகைவரையும் நோக்கி நிமிர்ந்து நின்று எய்வார்க்கு அது பொருந்தும். இஷியோ குந்தியிருந்தே எய்ய விரும்பினான். வில்லைச் சாய்த்துப் பிடித்து, வலக்கைப் பெருவிரலால் நாணை இழுத்து, நடுவிரலின் நுனியை அதன் நகத்தின்மேல் அழுத்தி வலுவூட்டுவான். மங்கோலிய முறையை ஒருவாறு ஒத்தும் அதனின் வேறுபட்டும் இருந்த இவ்விழுப்பு அறிஞர்க்கு வியப்பளித்தது. பெரிய வண்ண இலக்குகளை எய்தலில் அவன் போப்பை விஞ்சவில்லை; அவற்றில் அவனுக்கு ஆர்வமும் இல்லை. சிறிய உயிரை அண்மையிலிருந்து எய்வதே அவன் பயிற்சி.

அவ்வண்மை எவ்வாறு கிட்டும்? இஷியின் முதற்பாடம் இவ்வினாவிலேதான் தொடங்குகின்றது. வேட்டைக்கு முன்னாள் அவன் மீன் உண்ணான்; புகை பிடியான். விடியலில் எழுந்து ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை மேனியில் தேய்த்துக்கொள்வான். உணவு கொள்ளாமலே புறப்படுவான். இவை சடங்குபோலத் தோன்றினும் பயன் வெளிப்படை: மானின் மூக்கு மனிதனின் வாடையை அறிவதற்கு முன்னரே அவ்வாடை நீக்கப்படுகின்றது. காட்டினுள் காற்றுக்கு எதிர்முகமாகவே செல்வான். புள்ளும் அணிலும் எழுப்பும் ஒலிகளின் பொருள் அவனுக்குத் தெரியும். நீலக் காகம் மனிதன் வருகின்றான் என்று காட்டுக்கு அறிவித்துவிட்டதாயின் மேற்செல்லுதல் வீண் என்பான். மடித்த இலையை உதடுகளுக்கிடையே வைத்து உறிஞ்சி, மான்கன்றின் குரலை எழுப்பித் தாய்மானை வரவழைப்பான். பாடஞ்செய்த மான்தலையைத் தன் தலைமேல் அணிந்து புதர் மறைவில் மெல்ல உயர்த்தித் தாழ்த்துவான். மான் ஐயுற்று, பின்னர் அறியும் அவாவினால் நெருங்கி வரும். அதன்பின்னரே அம்பின் வேலை. அவன் வில்லுக்கு 45 இராத்தல் போதியதாயிருந்தமைக்குக் காரணம் இந்நெருக்கமே என்று நாம் துணிகின்றோம். வில்லின் விசையை நெருக்கம் ஈடுசெய்தது.

இத்திறம் எவ்வாறு இத்துணைக் கூர்மை எய்தியது என்பதற்கு வரலாறு கொடிய விடை ஒன்றைத் தருகின்றது. 1849 இல் பொன்வேட்டையினர் கலிபோர்னியாவிற் பெருகினர். அடுத்த இருபதாண்டுகளில் குடியேறியவர் யாகி மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். எஞ்சிய சிலர் மான் ஓடை என்னும் ஆற்றின் செங்குத்தான பள்ளத்தாக்கில் ஒளிந்து வாழ்ந்தனர். துப்பாக்கி வெடித்தால் இருப்பிடம் வெளிப்படும். மரம் வெட்டும் ஓசையும், மேலெழும் புகையும், மண்ணிற் பதிந்த அடிச்சுவடும் உயிர்க்கு இறுதியாம். வில் ஓசையின்றிக் கொல்லும். இன்றைய வேட்டைக்காரன் இன்பத்தின்பொருட்டு நாடும் அமைதி இஷியின் குடிக்கு உயிர்க்காப்பாக இருந்தது. 1908 இல் நில அளவையாளர் சிலர் அவர்தம் மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்டு, அங்கிருந்த பொருள்களை எடுத்துச் சென்றனர். அதன்பின் இஷியின் சுற்றத்தார் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர், அவன் தனியனானான். 1914 மே மாதத்தில் குரோபர், வாட்டர்மன், போப் ஆகியோர் அவனை அப்பள்ளத்தாக்கிற்கே மீண்டும் அழைத்துச் சென்றபோது அவன் முதலில் உடன்படத் தயங்கினான் என்பர். தயங்காதிருந்தாலன்றோ வியப்பு!

1916 மார்ச்சு 25 ஆம் நாள் இஷி எலும்புருக்கி நோயால் இறந்தான். போப் வில்வேட்டையைக் கைவிடவில்லை. வில்லியம் காம்ப்டன், ஆர்தர் யங் என்னும் தோழருடன் அவர் அதனைத் தொடர்ந்தார். ஆனால் கையிலிருந்தது இஷியின் குறுவில்லன்று. யூ மரத்தாலான ஆங்கில நெடுவில். விசையும் மிக உயர்ந்தது. 1920 இல் அவரும் யங்கும் யெல்லோஸ்டோன் காட்டில், அருங்காட்சியகம் ஒன்றற்கென உரிமம் பெற்றுக் கரடிகளை எய்தனர். 1925 இல் ஆப்பிரிக்காவில் சிங்கத்தையும் வேட்டையாடினர். போப் 1926 இல் காலமானார். 1934 இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென மான்வேட்டைப் பருவத்தை வகுத்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1961 இல் போப், யங் இருவர் பெயராலும் ஒரு கழகம் நிறுவப்பட்டது.

கருவி ஆங்கிலேயருடையதாதலின் இக்கலையின் தந்தை போப்பே. இஷி ஓர் அணிகலன்போல முன்னுரையில் வைக்கப்பட்டவன் என்று கூறுவார் உளராயின், அவர்க்குப் போப்பின் நூலே மறுமொழி தரும். 1923 நூலின் முதல் மூன்று இயல்களும் இஷியைப் பற்றியன. அதன்பின்னரே வில் செய்தலும் அம்பு செய்தலும் கற்பிக்கப்படுகின்றன. முதலில் இஷி, அதன்பின் கருவி செய்தற்பாடம் என்னும் அடைவு தற்செயலாக அமைந்திருத்தல் இயலாது. எனினும் அந்நூல் இஷிக்கு உரிமை செய்யப்படவில்லை. ஆங்கிலக் கதைகளில் வரும் ராபின் ஹுட்டுக்கு உரிமை செய்யப்பட்டுள்ளது. ஆசிரியனைப் பொருளடக்கத்தில் வைத்து, உரிமையுரையைப் பழங்கதைக்கு அளித்த இச்செயலில், பின்வந்த தொடக்கநிலை நூல்கள் நெருங்குதலை விட்டு விசையைப் பேசியதன் வித்து இருக்கின்றது என்பது எம் கருத்து. போப்பின்பால் அன்பில்லை என்பதன்று இதன் பொருள். அவர் எழுத்தில் அன்பு மிகுதியாகவே உண்டு.

இஷியைக் 'கடைசி யாகி' என வழங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். அவன் செய்த அம்புமுனைகளை ஆராய்ந்த தொல்லியலார் ஸ்டீவன் ஷாக்லி, அவை பழைய யாகி முனைகளைவிட அண்டை மக்களாகிய விண்டு, நொம்லாக்கி மரபினரின் முனைகளையே ஒத்திருப்பதாக 1990களில் காட்டினார். குடி குன்றியபோது அண்டை மரபினருடன் கலப்பு நேர்ந்திருக்கலாம். ஓர் அம்புமுனை, நூற்பெயர்களும் பட்டங்களும் மறைத்ததை வெளிப்படுத்துகின்றது.

இறந்தபோது இஷியின் பெட்டியில் அவனுடைய வில் ஒன்றும், ஐந்து அம்புகளும், கருவாலி விதைமா நிறைந்த கூடையும், சிறிது புகையிலையும், கண்ணாடிக்கற் சில்லுகளும் வைக்கப்பட்டன. அவனுடல் எரியூட்டப்பட்டது. ஆயின் அதற்கு முன்னர், தொலைவிலிருந்து குரோபர் மறுத்தெழுதிய மடல் வந்து சேருமுன்பே, மருத்துவக் கல்லூரியில் பிணஆய்வு நிகழ்ந்து மூளை தனியே எடுக்கப்பட்டிருந்தது. பின்னர் அதனை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவரும் குரோபரே. 2000 ஆம் ஆண்டிலேதான் அது ரெடிங் குடியிருப்பினருக்கும் பிட் ஆற்று மக்களுக்கும் திருப்பி அளிக்கப்பட்டது. அவர்கள் அதனையும் சாம்பலையும் ஒருங்கே கொண்டு சென்று புதைத்தனர். புதைத்த இடத்தை அவர்கள் வெளியிடவில்லை.