பூசா: ஒரு சொல்லும் மைசூரின் நூறாண்டு விழிப்பும்

கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்பு. தூக்கம் கலைந்து கண் திறப்பதற்கும் அதுதான் சொல், கவனமாக இருப்பதற்கும் அதுதான். அதற்கு உறவான ‘எச்சரிக்கை’ தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ‘எச்சரிக்கையாக இரு’ என்றால் அவரவர் தம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘எச்சரிக்கை விடுத்தார்’ என்றால் விரல் அடுத்தவரை நோக்கி நீள்கிறது. சமூக நீதி பற்றிய விழிப்பு முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு எப்படி நகர்கிறது, நகரும்போது எதைத் தவற விடுகிறது என்பதை மைசூரின் வரலாற்றில் தேடிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விவாதம் இப்போது உலகெங்கும் ‘வோக்’ என்ற சொல்லைச் சுற்றி நடக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் பிறந்த சொல் அது. 1931-இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பொய்க் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பற்றி, லெட் பெல்லி என்ற பாடகர் 1938-இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பக்கம் போகிற தம் மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று இந்தச் சொல்லை வைத்துத்தான் சொன்னார். உயிரோடு வீடு திரும்புவதற்கான அறிவுரை அது. 2014-க்குப் பிறகு அதே சொல் போராட்டக் குரலாகப் பரவியது. சில ஆண்டுகளிலேயே எதிர்த்தரப்பின் வாயில் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. பிறர்மேல் கல்லெறிவதாலேயே மாற்றம் வந்துவிடாது என்ற பொருளில் பராக் ஒபாமா 2019-இல் இளைஞர்களிடம் பேச வேண்டியிருந்தது. ஒரு சொல் இப்படி உருமாறுவதை மைசூர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அங்கே அந்தச் சொல் ‘பூசா’.

அதற்கு முந்தைய கதையைச் சொல்லாமல் பூசாவைப் புரிந்துகொள்ள முடியாது.

1881-இல் மைசூர் ஆட்சி மறுபடி உடையார் அரச குடும்பத்தின் கைக்கு வந்தபோது முதல் திவானாக அமர்ந்த ரங்காசார்லுவும், அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரும் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். மதராஸில் படித்த பிராமணர்கள் பலரும் மைசூர் உத்தியோகங்களில் அமர்ந்தார்கள். உள்ளூர்ப் பிராமணர்களுக்கு அது உறுத்தியது. மைசூர் மைசூராருக்கே என்ற குரல் எழுந்தது. நியாயமான குறைதான். ஆனால் அந்தக் குரலில் ‘மைசூரார்’ என்ற சொல்லுக்குள் குடியானவரும் இல்லை, கைவினைஞரும் இல்லை, சேரியில் இருந்தவரும் இல்லை. தன்னை ஒதுக்கியவரைக் கூர்மையாகப் பார்த்த கண், தான் ஒதுக்கியவரைப் பார்க்கவில்லை. இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இதே கோளாறைச் சந்திக்கப் போகிறோம்.

1916-இல் மதராஸில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. அதன் காற்று மைசூருக்கும் வீச, 1917-இல் பிரஜாமித்ர மண்டலி அமைந்தது. லிங்காயத்துகள், ஒக்கலிகர்கள், முஸ்லிம்கள் அதில் சேர்ந்தார்கள். மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி அவர்களுக்குத் துணை நின்றார். மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத ஒரு சாதியினர் கெஜட்டட் பதவிகளில் பாதிக்கு மேல் வைத்திருந்த காலம் அது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு இந்தப் போக்கில் உடன்பாடு இல்லை. தகுதியும் நிர்வாகத் திறனும் குலையும் என்று அவர் கருதினார். கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் கொண்டுவந்தவர், பள்ளிகளைப் பெருக்கியவர். படிப்பு பரவினால் பதவி தானே பரவும் என்று மனதார நம்பியவர். ஆனால் பசித்தவனிடம் நாற்று நட்டிருக்கிறோம், பொறு என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? அந்த ஆண்டு டிசம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார்.

மில்லர் குழு 1919-இல் அறிக்கை தந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணர் அல்லாத சமூகங்களுக்குப் போக வேண்டும் என்றது. 1921-இல் அது அரசாணையாயிற்று. இந்திய இடஒதுக்கீட்டு வரலாற்றில் இதற்கு உரிய பெருமையை யாரும் குறைக்க முடியாது. நானும் குறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பரிந்துரையின் வால் பகுதியை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வகுப்பினரில் தகுதி பெற்றவர்கள் கிடைத்தால் அவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது அது. ‘கிடைத்தால்.’ பிராமணர் தவிர எல்லோரும் பின்தங்கியவர் என்று ஒரே கூடையில் போட்டபோது, நிலமும் சங்கமும் விடுதியும் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. அவை இல்லாதவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இருந்த பஞ்சமர் என்ற பெயர் 1920-களில் ஆதி கர்நாடகர், ஆதி திராவிடர் என்று மாறியது. தமிழ் பேசியவர்கள், குறிப்பாகக் கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள், ஆதி திராவிடர் ஆனார்கள். இன்று அசோகபுரம் என்று அழைக்கப்படும் மைசூர்ப் பகுதிக்கு ஆதி கர்நாடகபுரம் என்று பெயர் இருந்தது. பெயரில் மானம் வந்தது. மானம் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தத் தெருக்களிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய வேலை மாறவில்லை.

அது என்ன வேலை என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டின் பின்புறம் ஒரு சந்து. சந்தைப் பார்த்து, தரையோடு தரையாக ஒரு சின்னப் பலகைக் கதவு. அதைத் தூக்கினால் எடுப்புக் கக்கூஸின் அடிப்பகுதி. தகரத்தால் வழித்து, சாம்பல் தூவி, வாளியில் நிரப்பி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்க வேண்டும். வாளி ஓட்டையாக இருந்தால் நெற்றியில் ஒழுகும். மழைக்காலத்தில் ஓட்டையே வேண்டாம். அன்று தென்னிந்திய நகரம் எதிலும் இதுதான் நிலை.

1972-இல் முதலமைச்சரான தேவராஜ் அர்ஸ், மைசூர் மாவட்டத்தின் உன்சூர் வட்டத்துக் கல்லஹள்ளியைச் சேர்ந்தவர். எண்ணிக்கையில் மிகச் சிறிய ‘அரசு’ என்ற சமூகத்திலிருந்து வந்தவர். அதனாலேயே பெரிய சாதிகளுக்கு வெளியே ஒரு கூட்டணியைக் கட்டினார். அதே ஆண்டில் எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை அமைத்தார். அதன் அறிக்கை 1975-இல் வந்தபோது லிங்காயத்துகள் பட்டியலில் இல்லை. மில்லரின் ஒற்றைக் கூடை அப்போதுதான் பிரிக்கப்பட்டது. இவை இரண்டுக்கும் இடையில் 1962-இல், மைசூர் அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கியதை பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஐம்பது விழுக்காடு என்று இன்றும் நாம் கேட்கிற வரம்பு அந்த மைசூர் வழக்கில் பிறந்ததுதான்.

அர்ஸின் அமைச்சரவையில் பி. பசவலிங்கப்பா இருந்தார். தலித் தலைவர், வழக்கறிஞர், அம்பேத்கரின் வழி வந்தவர். நகராட்சி நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோது தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தைக் கர்நாடகத்தில் தடை செய்தார். நாடாளுமன்றம் அதற்கொரு சட்டம் இயற்ற 1993 வரை ஆயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

1973 நவம்பர் முதல் தேதி மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் சூட்டப்பட்டது. எங்கும் கன்னடப் பெருமிதம். அதே மாதத்தில் மைசூரில் ஒரு கூட்டத்தில் பேசிய பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா என்றார். பூசா என்பது மாட்டுத் தீவனம். மைசூர்த் தீவனக் கடையில் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் கனமே இருக்காது. விரலிடுக்கில் உமியும் தவிடும் உதிரும், கை முழுக்க மாவு ஒட்டும். தானியத்தின் சத்தை மனிதர் எடுத்துக்கொண்ட பிறகு மாட்டுக்கு மிஞ்சுவது அது. ஆயிரம் ஆண்டு இலக்கியத்தில் தன் மக்களின் முகத்தைத் தேடிய ஒருவருக்குக் கையில் ஒட்டியது இதுதான் என்றால், அந்த உவமை சும்மா வந்து விழுந்தது என்று நான் நினைக்கவில்லை.

மைசூரிலும் பெங்களூரிலும் பிற ஊர்களிலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கன்னடத்தை அவமதித்துவிட்டார், பதவி விலக வேண்டும் என்றார்கள். விடுதிகளில் இருந்த தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ‘பூசா’ என்று அவர்களைக் கேலி செய்தார்கள். இலக்கியத்தைக் குறித்துச் சொன்ன சொல் மனிதர்களைக் குறிக்கும் வசையாகத் திரும்பி வந்தது. மூத்த கவிஞர் குவெம்பு பசவலிங்கப்பாவின் பக்கம் நின்றார். சூத்திரன் என்ற இழிவை எழுத்திலேயே எதிர்த்தவர் அவர். அவர் நின்றும் பயனில்லை. அர்ஸ் அமைச்சரைக் காக்கவில்லை. பசவலிங்கப்பா விலகினார்.

தெருவில் நின்ற மாணவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதில்தான் வரலாற்றின் வலி இருக்கிறது. அவர்களின் தாத்தாக்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது பிரஜாமித்ர மண்டலியும் மில்லர் அறிக்கையும். உங்கள் அமைப்பில் எங்களுக்கு இடமில்லை என்று 1918-இல் சொன்னவர்களின் பேரர்கள், அதையே 1973-இல் இன்னொருவர் சொன்னபோது கல்லெடுத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு ஓர் ஒப்பீடு தோன்றும். 1943-இல் கம்ப ராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் எரிக்க வேண்டுமா என்று அண்ணா ஒருபுறமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியாரும் மறுபுறமுமாக மேடையேறி வாதாடினார்கள். ‘தீ பரவட்டும்’ என்று அது நூலாகவும் வந்தது. பூசாவைவிடக் கடுமையான பேச்சு. அதற்கு மேடை கிடைத்தது, மறுமொழியும் கிடைத்தது. அதனால் நாம் மேலானவர்கள் என்று எண்ணிக்கொள்ள இடமில்லை. கேட்டவர் யார் என்பதே வேறுபாடு. பிராமணரல்லாத இயக்கம் கேட்டபோது தமிழ்நாட்டில் மேடை இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தபோது, ஆட்சியில் இருந்தது அதே இயக்கத்தின் வழி வந்த கட்சி.

பசவலிங்கப்பா சொன்னதில் பிழை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டின் பம்பன் இருக்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செருப்புத் தைத்தவரும் படகு ஓட்டியவரும் ‘வசனம்’ என்னும் பாடல்களைப் பாடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளும் சொல் அவர்களையும் அள்ளிவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அவர் எழுப்ப நினைத்த கேள்வி காணாமல் போனது. இலக்கியத்தில் தலித் எங்கே என்று யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று. கன்னடத்தைப் பழித்தாரா இல்லையா என்பதே வழக்காகிவிட்டது. இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. மெதுவாகப் பேசு, அளந்து பேசு என்ற அறிவுரை எப்போதும் கீழே நிற்பவருக்கே தரப்படுகிறது. தலித் விடுதிக்குள் புகுந்தவர்களிடம் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பூசா கலவரம் பிறப்பித்ததும் உண்டு. அதன் சூட்டில் பி. கிருஷ்ணப்பா, தேவனூர் மகாதேவ, சித்தலிங்கையா போன்ற இளைஞர்கள் ஒன்றுகூடினார்கள். தலித் சங்கர்ஷ சமிதி உருவாயிற்று. நில உரிமை, கோயில் நுழைவு, வன்கொடுமை வழக்கு என்று கிராமம் கிராமமாகப் போனார்கள். சித்தலிங்கையாவின் முதல் கவிதைத் தொகுப்பு 1975-இல் வந்தது. நஞ்சனகூடு வட்டத்து தேவனூரில் பிறந்து மைசூரில் வாழும் மகாதேவ, 1984-இல் ‘குசுமபாலெ’ நாவலை அந்தப் பகுதி மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதினார். இலக்கியத்தில் எங்கள் முகம் எங்கே என்ற கேள்விக்கு அவர்கள் கன்னடத்திலேயே பதில் எழுதினார்கள். பிந்தைய ஆண்டுகளில் சமிதி பல பிரிவுகளாக உடைந்தது. தேர்தல் கட்சிகளோடு எவ்வளவு நெருங்குவது என்பதில் பிளவு, தலைமையில் பிளவு, யார் உண்மையான அம்பேத்கரியர் என்பதிலும் பிளவு.

ஹொலையர், மாதிகர் என்ற தலித் சாதிகளின் உள்வேறுபாடு அதற்குள்ளும் இருந்தது. ஒதுக்கீட்டின் பயன் தங்களை எட்டவில்லை என்று மாதிகர்கள் நீண்ட காலமாகச் சொன்னார்கள். 1919-இன் ‘கிடைத்தால்’ இங்கே மறுபடி எழுகிறது, இம்முறை பட்டியல் சாதியின் உள்ளிருந்தே. உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் முதல் தேதிதான் தீர்ப்பளித்தது.

இனி அந்த வாளிக்குத் திரும்புகிறேன். கர்நாடகத்தில் படித்த யாரிடம் பசவலிங்கப்பா என்று சொன்னாலும் முதலில் நினைவுக்கு வருவது ‘பூசா’. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அரை நூற்றாண்டாக அந்தச் சொல்லைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அவர் தடை செய்த வேலை எந்தத் தெருவில் நின்றது, எந்தத் தெருவில் நிற்கவில்லை என்று பார்த்து வந்தவர்கள் மிகக் குறைவு. 2010 ஜூலையில் ஹாவேரி மாவட்டம் சவணூரில், மலம் அள்ளி வாழ்ந்த பங்கி சமூகத்தினர் சிலர், குடியிருந்த இடத்தைவிட்டுத் தங்களை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று நகராட்சி அலுவலகத்தின் எதிரே வந்து நின்றார்கள். தாங்கள் அள்ளிய மலத்தைத் தங்கள் தலையிலும் உடம்பிலும் பூசிக்கொண்டார்கள். பசவலிங்கப்பா பொறுப்பில் இருந்த நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வருவதுதான் அந்த அலுவலகமும்.