கார்கிலில் கடலும் இருந்தது

கார்கில் பாடம் நடத்தியபோது மலையை மட்டுமே சொன்னேன். கடலை விட்டது என் தவறு.

அப்போது கடற்படைத் தளபதி நாகர்கோவிலில் பிறந்த அட்மிரல் சுஷில் குமார். கடலாழம் அளந்து வரைபடம் போடும் பிரிவில் தேர்ந்தவர். நம் வில்லியனூரை 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் சண்டையில்லாமல் விட்டுப் போனார்கள். கோவாவுக்கு 1961இல் படையே போக வேண்டியிருந்தது. அதில் இவர் இளம் அதிகாரி.

1998 டிசம்பர் கடைசியில், முந்தைய தளபதி பதவி நீக்கப்பட்ட பரபரப்புக்கு நடுவே பொறுப்பேற்றார். ஆறு மாதம் ஆகவில்லை, கார்கில். கிழக்குக் கடற்படைக் கப்பல்களும் அரபிக் கடலுக்குப் போயின. ‘ஆபரேஷன் தல்வார்’ என்று பெயர். பாகிஸ்தானுக்கு எண்ணெய் பெரும்பாலும் கராச்சி வழியாகத்தானே வரவேண்டும்! கப்பல்கள் ஒரு குண்டும் சுடவில்லை, நின்றதே நெருக்கடி.

2019 நவம்பர் 27இல் காலமானார். அந்த வகுப்பில் இருந்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குக் கார்கிலைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.