தெர்மோபோலியம்: ஒரு தெருக்கடையின் பெயர்

பொம்பெயி இடிபாடுகளில் தெரு நெடுக நடப்பவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவது ஒரு கல்மேடை. வாசலை ஒட்டி, பெரும்பாலும் 'ட' வடிவில் மடங்கி, தெருவைப் பார்த்து நிற்கும். மேற்பரப்பில் வண்ணவண்ணப் பளிங்குத் துண்டுகள் பதித்திருக்கும். நடுவே வட்ட வாய்கள் திறந்திருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வாய்க்குக் கீழும் ஒரு சுடுமண் தாழி, மேடைக்குள்ளேயே வைத்துப் பூசப்பட்டிருக்கும். 'டோலியம்' என்பது அந்தத் தாழியின் லத்தீன் பெயர். கடைக்கு வழிகாட்டிகளும் அறிவிப்புப் பலகைகளும் சொல்லும் பெயர் 'தெர்மோபோலியம்'.

2020 டிசம்பரில் இந்தச் சொல் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் அடிபட்டது. பொம்பெயியின் ஐந்தாம் வட்டாரத்தில், இரண்டு சந்துகள் கூடும் முனையில், அப்படியொரு கடை முழுமையாக வெளிவந்திருந்தது. முந்தைய ஆண்டே அதன் ஒரு பக்கம் தெரிந்திருந்தது: கடற்குதிரை மேல் அமர்ந்து வரும் ஒரு கடற்கன்னியின் ஓவியம். மீதி மண்ணையும் அள்ளியபோது தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகள், ஒரு சேவல், சங்கிலியில் கட்டிய நாய் என்று வண்ணம் மங்காத படங்கள் தெரிந்தன. நாய்ப் படத்தைச் சுற்றிய சட்டத்தில் நிக்கியாஸ் என்பவனை யாரோ ஆபாசமாகத் திட்டிக் கீறியிருந்தார்கள். பெயர் கிரேக்கப் பெயர். விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம், கடைக்காரனாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். தாழிகளின் அடியில் உணவின் மிச்சமும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் பெயர். கிரேக்கத்தில் 'தெர்மோஸ்' என்றால் சூடானது. நம் வீட்டுத் தெர்மாமீட்டரிலும் தெர்மாஸ் குடுவையிலும் தெர்மாக்கோல் அட்டையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது இதே சொல்தான். 'போலெயின்' என்றால் விற்பது. ஒருவரே விற்பதை 'மோனோபொலி' என்கிறார்களே, அதன் பின்பாதி இதுதான். இன்றைய கிரீஸில் புத்தகக்கடைப் பலகையிலும் பூக்கடைப் பலகையிலும் '-போலியோ' என்ற ஈறு உயிரோடு நிற்கிறது. ஆக, தெர்மோபோலியம் என்றால் சூடான பண்டம் விற்கும் இடம்.

ஆனால் லத்தீன் இலக்கியத்தில் இச்சொல்லைத் தேடிப் போனால் ஒரே ஆளிடம்தான் போய் நிற்போம். அவர் நகைச்சுவை நாடகங்கள் எழுதிய பிளாட்டஸ். கி.மு. 184 வாக்கில் இறந்தவர். 'குர்குலியோ' நாடகத்தில் ஓர் ஒட்டுண்ணிப் பாத்திரம், மேலாடையால் தலையை மூடிக்கொண்டு, புத்தகங்களைச் சுமந்துகொண்டு தெருவை அடைத்து நடக்கும் கிரேக்கர்களைத் திட்டித் தீர்க்கிறது. எப்போது பார்த்தாலும் இவர்கள் தெர்மோபோலியத்தில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது. 'திரினும்முஸ்' நாடகத்தில் ஓர் அடிமை அங்கே குடித்துவிட்டு மோதிரத்தை மறந்து வந்துவிடுகிறான். 'ருடென்ஸ்' நாடகத்தில் கப்பல் உடைந்து, நனைந்து, நடுங்கிக் கரையேறும் ஒருவன் கடல்தெய்வத்தையே குறை சொல்கிறான்: இந்த நெப்டியூன் ஒரு தெர்மோபோலியம்கூட நடத்துவதில்லை, கொடுப்பதெல்லாம் உப்புக்கரிக்கும் குளிர்ந்த பானம்!

இந்த மூன்று கதைகளும் நடக்கும் ஊர்கள் எப்பிடாரஸ், ஏதென்ஸ், சைரீன். மூன்றும் கிரேக்க ஊர்கள். பிளாட்டஸ் கிரேக்க நாடகங்களைத் தழுவி எழுதியவர், மேடையில் கிரேக்க வாடை வேண்டும் என்று கிரேக்கச் சொற்களைத் தாராளமாகத் தூவியவர். அதே பிளாட்டஸின் 'போயெனுலுஸ்' நாடகத்துக்கு ஒரு முன்னுரை உண்டு. அங்கே மேடையிலிருந்து ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கும் நிஜ ரோமானியரிடம் பேசுகிறான். எஜமானர்களோடு வந்திருக்கும் ஏவலாட்களைப் பார்த்து, ஆட்டம் நடக்கும்போதே ஓடுங்கள், பலகாரம் இன்னும் சூடாக இருக்கிறது என்கிறான். எங்கே ஓடச் சொல்கிறான்? 'பொப்பீனா'வுக்கு. அந்த முன்னுரையில் பிற்காலக் கை கலந்திருப்பதாகக் கருதுவோர் உண்டு. இருந்தாலும் எனக்கு இது பெரிய சான்றாகப் படுகிறது. கற்பனைக் கிரேக்க ஊரின் கடைக்கு ஒரு பெயர். கொட்டகைக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கு வேறு பெயர்.

பிளாட்டஸ் இறந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துதான், கி.பி. 79இல், வெசுவியஸ் வெடித்துப் பொம்பெயி புதைந்தது. 1748இல் அங்கே தோண்டத் தொடங்கிய பிறகு, மேடையும் தாழியுமாக ஒவ்வொரு கடையாக வெளிவந்தபோது, லத்தீன் படித்த அறிஞர்களுக்குப் பிளாட்டஸின் சொல் நினைவில் இருந்தது. தாழிக்குள் சூடான பானம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல்லும் பொருளும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. பொம்பெயிச் சுவர்களில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ளன. அவற்றில் கடைக்காரர் பெயர், விலை, வசை, வாக்கு வேட்டை எல்லாம் உண்டு. தன் கடையைத் தெர்மோபோலியம் என்று எழுதிவைத்தவர் இல்லை.

அதற்காக அந்தச் சொல்லில் இருக்கும் சூட்டை வெறும் மேடைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. ரோமானியர் மதுவை நீர் கலந்துதான் குடித்தார்கள், பல நேரம் வெந்நீர் கலந்து. அந்த வெந்நீருக்குக் 'கால்டா' என்று பெயர். மாடியிலும் கடைக்குப் பின்னறையிலும் குடியிருந்த எளியவர்களில் பலர் வீட்டில் சரியான அடுப்பே கிடையாது. வெந்நீருக்கும் வெந்த சோற்றுக்கும் தெருவுக்கு வரவேண்டும். வெந்நீர் விற்பது அரசியலாகக்கூட ஆனது. தங்கை துருசில்லா இறந்த துக்கத்தின்போது வெந்நீர் விற்றான் என்று ஒருவனைப் பேரரசர் காலிகுலா கொன்றதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அடுத்து வந்த கிளாடியஸ், மக்கள் கூடிக் குடிக்கும் கடைகளை மூடினார். வேகவைத்த இறைச்சியும் வெந்நீரும் விற்கத் தடை போட்டார். நீரோ, காய்கறி பருப்பு தவிர வெந்தது எதுவும் விற்கக் கூடாது என்றார். வெஸ்பாசியனும் பருப்பு வகை மட்டும் என்றார். ஆள் மாறி ஆள் வந்து ஒரே தடையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால் கடைக்காரர்கள் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அரண்மனையை உறுத்தியது சாப்பாடா? அடிமையும் மாலுமியும் கைவினைஞனும் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

இனித் தாழிகளுக்கு வருவோம். பெயர் ஆராய்ச்சியைக் குழப்பியதே இவைதான். சுடுமண் தாழி ஈரத்தை உறிஞ்சும். மேடையோடு சேர்த்துப் பூசிவிட்டதால் எடுத்துக் கழுவவும் முடியாது. அதில் தினமும் குழம்போ மதுவோ ஊற்றிவைத்தால் சில நாளில் நாறிவிடும். எனவே வரலாற்றாசிரியர் மேரி பியர்டு உள்ளிட்ட பலர், தாழிகளில் இருந்தது உலர் பண்டம், கொட்டை, பயறு, காய்ந்த பழம் போன்றவை என்று வாதிட்டார்கள். மது ஆம்போராச் சாடிகளில் இருந்து வந்தது, சமையல் தனி அடுப்பில் நடந்தது என்பது அவர்கள் கட்சி. பொம்பெயியின் அபொண்டன்சா தெருவில் வெத்தூத்தியுஸ் பிளாசிடுஸ் என்பவருடையதாகச் சொல்லப்படும் கடையில் ஒரு தாழிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், ஏறக்குறைய மூன்று கிலோ, கிடைத்தன. எரிமலை வெடித்த பதற்றத்தில் கொட்டியதா, வழக்கமான கல்லாவே அதுதானா, எப்படியானாலும் அன்று அந்தத் தாழியில் குழம்பு இல்லை.

இந்த வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று இருந்தபோதுதான் 2020இன் கடை வெளிவந்தது. அதன் பாத்திரங்களில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்தன. சில ஒன்றாகவே வெந்தவை போலத் தெரிந்தன. மேடையின் மேல் வரைந்திருந்த வாத்தின் இனமே எலும்பாகவும் கிடைத்தது. இன்னொரு தாழியின் அடியில் அரைத்த அவரை வகை ஒன்று இருந்தது. மதுவின் நிறத்தையும் சுவையையும் திருத்த அவரை மாவு சேர்ப்பது பற்றி அபிக்கியுஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் குறிப்பு உண்டு. ஆக, அந்தத் தாழியில் மது இருந்திருக்க வேண்டும். தாழிகள் எல்லாம் ஒரே பண்டத்துக்கு என்ற எண்ணத்தையே கைவிடுவதுதான் சரி. கடைக்குக் கடை, தாழிக்குத் தாழி மாறியிருக்கும். ரோமின் ஓஸ்தியா துறைமுகத்தில், டயானா தெருவில், 'தெர்மோபோலியம்' என்றே பெயர் பெற்றுவிட்ட அழகான கடை ஒன்று உண்டு. அதன் பளிங்கு மேடையில் தாழியே கிடையாது. பாத்திரம் கழுவும் தொட்டிகள்தான் உள்ளன. தாழியைக் கண்டு வைத்த பெயர், தாழி இல்லாத கடைக்கும் போய்விட்டது.

பொப்பீனாவிடம் திரும்புகிறேன், என் மனம் அதன் பக்கம்தான். சமைப்பதைக் குறிக்கும் வேரில் இருந்து லத்தீனில் 'கொக்வீனா' பிறந்தது, பொருள் சமையலறை. அதே வேர் இத்தாலியின் தென்பகுதி மொழியான ஆஸ்கனிலும் அதன் உறவு மொழிகளிலும் வேறு ஒலி பெற்றது. லத்தீன் 'க்வ' என்னும் இடத்தில் இவை 'ப' என்னும். 'யார்' என்பது லத்தீனில் க்விஸ், ஆஸ்கனில் பிஸ். ஐந்து, அங்கே க்வின்க்வே, இங்கே பும்பே. கொக்வீனாவின் அந்தத் தென்னாட்டு உடன்பிறப்புதான் பொப்பீனா. ரோமுக்குள் வந்து சமைத்து விற்கும் கடைக்குப் பெயராகிவிட்டது. பொம்பெயியோ கி.மு. 80இல் ரோமானியக் குடியேற்றமாக மாற்றப்படும் வரை ஆஸ்கன் பேசிய ஊர். பொம்பெயி என்ற பெயரையே பும்பேயோடு சேர்த்து விளக்குவோர் உண்டு. அந்த மண்ணின் ஒலியைச் சுமக்கும் பெயரை விட்டுவிட்டு, கிரேக்க வேடமிட்ட நாடகச் சொல்லை அந்தக் கடைகள் மேல் ஒட்டியிருக்கிறோம். கொக்வீனா போர்த்துக்கேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் வளர்ந்து கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. ஈழத்திலும் புதுச்சேரியிலும் வழங்கும் 'குசினி' அதுதான். குசினியும் பொப்பீனாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பொப்பீனாவை உயர்குடியினர் இழிவாகவே பேசினார்கள். எதிரியைத் திட்டும்போது அவன் மூச்சில் பொப்பீனா நாறுகிறது என்றார் பேச்சாளர் சிசெரோ. பெருஞ்செல்வத்தை இந்தக் கடைகளில் தின்றே அழித்த ஒருவனைப் பற்றிக் கவிஞர் மார்ஷியல் வியந்தது தொகையைக் கண்டு மட்டும் அல்ல, அவன் அதை உட்கார்ந்தபடி தின்றதைக் கண்டும்தான். செல்வர் சாய்ந்து படுத்து உண்பார்கள். இங்கே முக்காலியில் உட்காரலாம், இல்லையென்றால் நின்றுகொண்டே சாப்பிடலாம். ஓஸ்தியாவின் ஒரு பொப்பீனாவில் மாலுமி, திருடன், ஓடிவந்த அடிமை, சவப்பெட்டி செய்பவன் எல்லாரும் ஒன்றாக இருப்பதைக் கவிஞர் யுவெனால் அருவருப்போடு பாடுகிறார். எழுதியவர்கள் அந்தப் பக்கம் நின்றவர்கள் என்பதை மறந்தால், இந்தக் கடைகள் எல்லாம் குற்றவாளிகளின் கூடாரம் என்றே நம்பிவிடுவோம்.

இந்தக் கடைகளுக்கு வழங்கிய இன்னொரு சொல்லான 'தபெர்னா' பொதுப்பெயர். எந்தக் கடைக்கும் ஆகும், செருப்புக் கடைக்கும்கூட. டாவர்ன் என்று ஐரோப்பா முழுதும் மதுக்கடையானது இதுதான். இதன் குறுமை வடிவம் கூடாரத்தைக் குறித்து, லத்தீன் விவிலியத்தில் நம்மவர் ஆசரிப்புக் கூடாரம் என்று பெயர்த்த இடத்தில் நிற்கிறது.

கடைக்குள் இருந்தவர்களின் குரல் வேண்டுமென்றால் இலக்கியத்தை விட்டுச் சுவருக்குத்தான் போக வேண்டும். பொம்பெயியில் 1911இல் தொடங்கிய அகழ்வில் வெளிவந்த அசெல்லினாவின் கடைச்சுவரில் தேர்தல் விளம்பரங்கள் உள்ளன. அசெல்லினா, ஸ்மிரினா, எக்லே, மரியா என்று பெண்களின் பெயர்கள். வாக்களிக்க உரிமை இல்லாத பெண்கள், இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று தெருவைக் கேட்கிறார்கள். இன்னொரு கடையில் ஹெதோனே என்ற பெண்ணின் விலைப்பட்டி: ஓர் ஆஸ் காசுக்குக் குடிக்கலாம், இரண்டுக்கு நல்லது கிடைக்கும், நான்கு கொடுத்தால் பலேர்னிய மது. நேப்பிள்ஸ் வட்டாரத்தின் இந்த மதுத் தொழில் சிறியது அல்ல. வெசுவியஸ் பகுதியின் கரிய எரிமலை மணல் கலந்த ஆம்போராச் சில்லுகள் அரிக்கமேட்டிலேயே கிடைத்திருக்கின்றன.

சால்வியுஸின் கடையில் படக்கதை போலவே நான்கு காட்சிகள் தீட்டியிருக்கிறார்கள். பகடை ஆடும் இருவர் எண்ணுக்குச் சண்டை போடுகிறார்கள். கடைக்காரர் இருவரையும் பிடித்து, அடித்துக்கொள்வதென்றால் வெளியே போய் அடித்துக்கொள்ளுங்கள் என்று தள்ளுகிறார்.

இப்படிப்பட்ட கடைக்காரரை வாடிக்கையாளர் என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். மதுவில் தண்ணீர் கலந்து விற்றுவிட்டு, கலப்பில்லாததை நீ குடிக்கிறாயே என்று ஏமாந்த ஒருவன் பொம்பெயிச் சுவரில் சாபம் கீறியிருக்கிறான். அவன் விளிப்பது 'கோப்போ' என்று. 'கௌப்போ' என்பதன் பேச்சு வடிவம் அது. விடுதிக்காரன், சில்லறை வியாபாரி. அவன் கடை 'கௌப்போனா'. ரோமானியப் படையின் பின்னாலும் மதுவண்டியின் பின்னாலும் இந்தச் சொல் வடக்கே போனது. ஜெர்மானிய மொழிகள் இதை எடுத்து வாங்குவதற்கும் விற்பதற்கும் பொதுச்சொல் ஆக்கிக்கொண்டன. ஜெர்மனில் 'கௌஃபன்' என்றால் வாங்குவது. ஆங்கிலத்தில் மலிவைக் குறிக்கும் 'சீப்' இந்த வேர்தான். வணிகர் துறைமுகம் என்று பொருள்படும் கோபன்ஹேகன் இதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஃபின்லாந்தில் இன்றைக்கும் மளிகை வாங்கப் போகும் கடைக்குப் பெயர் 'கௌப்பா'.