மணப்பாடு கரையில் இரண்டு பொங்கல்

சென்ற வாரம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. மூலை மடங்கி, ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. கடற்கரை மணலில் பெரிய கரிய உடல் ஒன்று கிடக்கிறது. அதன் முதுகில் நான்கு பையன்கள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். மூன்றாவது ஆள் நான்தான்.

பேத்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

1973 ஜனவரி 14. அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்காக உடன்குடிக்கு வந்திருந்தேன். "கடக்கரை நெடுகத் திமிங்கலமா ஒதுங்கிக் கிடக்காம்" என்று தெருவில் பேச்சு. உடனே நான்கு பேர் இரண்டு சைக்கிளில் குலசேகரப்பட்டினம் வழியாக மிதித்தோம். தேரி மணல் காற்று முகத்தில் அடித்தது.

கரையில் திருவிழாக் கூட்டம். ஐஸ்காரர், சுண்டல்காரர்கூட வந்துவிட்டார்கள். மணப்பாட்டுக் குன்றின் மேல் சிலுவைக் கோயில் தெரிகிறது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புக் கறுப்பாய் உடல்கள். உருண்டை நெற்றி, பின்னோக்கி வளைந்த முதுகுத் துடுப்பு. பின்னால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அவற்றைப் பற்றி எழுதிவைத்தார்கள். மொத்தம் 147.

நாங்கள் ஒன்றின் மேல் ஏறினோம். கேமரா வைத்திருந்த ஒருவர் படம் எடுத்தார். அந்த நேரத்தில்தான் எனக்குக் கீழே "புஸ்" என்று ஒரு சத்தம். சுடுதண்ணீர் ஆவி போலக் காலில் பட்டது. அருகில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்பானையில் கடல்நீர் மொண்டு இன்னொன்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, எறங்குங்கல! அதுக்கு உசுரு இருக்குல்லா. மூச்சு விடுது, காது கேக்கலையா?"

இறங்கினோம். ஆனால் படம் அதற்குள் எடுத்தாகிவிட்டது.

அது என்ன பிராணி என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் 'பைலட் திமிங்கலம்' என்பார்கள். பெயர்தான் திமிங்கலம், உறவு முறையில் அது டால்பின் குடும்பம். நம் கடற்கரையில் ஓங்கில் என்று சொல்கிறோமே, அதற்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒதுங்கியது குட்டைத் துடுப்பு வகை. ஆண் 7 மீட்டர் வரைகூட வளரும். ஆழ்கடலில் முங்கிக் கணவாய் பிடித்துத் தின்னும். மீன் அல்ல, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. தாய்வழிக் குடும்பமாகவே கூட்டம் கூட்டமாக வாழும். ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றவை விட்டுப் போகாது. இந்தப் பாசமே அவற்றுக்கு வினையாகிறது. ஒன்று கரை தட்டினால் கூட்டமே பின்னால் வந்துவிடுகிறது.

இப்படி நடந்தது 1973-ல்தான் முதல்முறை என்றும் சொல்ல முடியாது. 1852-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்து உப்பு ஏரிப் பகுதியில் இதே இனத்துக் கூட்டம் ஒன்று வந்து மாட்டிக்கொண்டதை, அங்கே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளைத் பதிவு செய்திருக்கிறார்.

காரணம் பலவாறு சொல்கிறார்கள். ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் பிராணி இது. செங்குத்தான பாறையில் எதிரொலி நன்றாகத் திரும்பும். தாழ்வாகச் சரிந்து செல்லும் மணற்கரையில் சரியாகத் திரும்பாது. அதனால் திசை தவறுகிறது என்பது ஒன்று. முன்னே செல்லும் ஒன்றுக்கு நோய் கண்டு அது கரைக்கு வந்துவிடுகிறது என்பது இன்னொன்று. கப்பல்களின் சத்தத்தையும் சொல்கிறார்கள். எல்லா நிகழ்வுக்கும் பொருந்துகிற ஒரே காரணம் கிடையாது.

கடல் உயிர்களோடு நம் ஆட்களுக்கு உள்ள கணக்கு மிகப் பழையது. பரதவர்கள் சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆள் உண்டு. 'கடல்கட்டி' என்று பெயர். குளிப்பவர்கள் அவர் வராமல் கடலில் இறங்க மாட்டார்கள். அவருக்கு முத்துச் சிப்பியில் பங்கும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார். மந்திரம் பலித்ததோ இல்லையோ, கடலில் இருப்பவை நம்மைவிடப் பெரியவை என்ற மரியாதை அதில் இருந்தது. அந்த மரியாதையைத்தான் பானையோடு நின்ற பெரியவரிடம் பார்த்தேன். கல்லூரிக்குப் போன எங்களிடம் அது இல்லை.

இனி 2016-க்கு வருகிறேன். பணி ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம். ஜனவரி 11 திங்கட்கிழமை மாலை, அதே மணப்பாடு - திருச்செந்தூர்க் கரையில் அதே இனம் மறுபடி ஒதுங்கத் தொடங்கியது. சரியாக 43 வருஷம். மறுநாள் காலை டி.வி.யில் பார்த்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

கூட்டம் அன்று போலவேதான் இருந்தது. கேமராவுக்குப் பதில் செல்போன். ஆனால் ஒரு வித்தியாசம். இடுப்பளவு தண்ணீரில் மீனவ இளைஞர்கள் வரிசையாக நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி ஃபைபர் படகில் ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். விட்டுவிட்டுத் திரும்பினால், படகுக்குப் பின்னாலேயே அதுவும் கரைக்கு வருகிறது. கரையில் கிடக்கும் தன் கூட்டத்தை விட்டுப் போக மனமில்லை. மறுபடி இழுப்பார்கள். மறுபடி வரும். ஒரு பையன் ராத்திரி முழுவதும் தூங்கவில்லையாம். மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கணக்கு எடுத்தபோது ஒதுங்கியவை 81, இறந்தவை 45, கடலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவை 36. இறந்தவற்றை ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டிக் கரையிலேயே புதைத்தார்கள்.

ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒன்றின் மேல் காலை வைத்து செல்ஃபி எடுக்கப் போனான். "தம்பி, காலை எடு. அதுக்கு உசுரு இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவன் காலை எடுத்துக்கொண்டான்.

நம் வாசகர்களில் கடற்கரைக்காரர்கள் பலர் இருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஏதாவது ஒதுங்கினால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெயில் படாமல் நிழல் கட்டி, ஈரத் துணி போர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். உச்சந்தலையில் இருக்கும் மூச்சுத் துளையை மட்டும் மூடக் கூடாது, அதில் தண்ணீரும் போகக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுத்தால் மூட்டு விலகிவிடும். தண்ணீர் தாங்கிய உடம்பு அது. தரையில் அதன் பாரமே நுரையீரலை நசுக்கும். அதன் மேல் நாம் வேறு ஏறி உட்கார வேண்டியதில்லை.

நேற்று பேத்தியைக் கூப்பிட்டு, "அன்னைக்குச் சொன்னது பொய்ம்மா. படம் எடுக்கும்போது அது உயிரோட இருந்துச்சு" என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அதுக்கு வலிச்சிருக்குமா தாத்தா?" என்றாள்.

"வலிச்சிருக்கும்" என்றேன். படத்தை மறுபடி பெட்டிக்குள் போடவில்லை. பின்புறத்தில் தேதியையும் ஊரையும் எழுதி, இதையும் எழுதி, ஆல்பத்தில் ஒட்டச் சொல்லி அவளிடமே கொடுத்துவிட்டேன்.